முடிந்த நேரம்: காலி

முப்பத்தொன்று என்று ஏசா சொன்னதும், மார்னி கையிலிருந்த இறைச்சி அடைத்த பேஸ்ட்டி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"இன்னிக்கு வியாழக்கிழமை ஆட்டத்துல முப்பத்தொண்ணு ஷாட். ஒண்ணுகூட உள்ள விடல. நீ என்னடான்னா பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற. தம்பியப் பாராட்டுறது எப்படின்னு காலேஜ்ல சொல்லித் தரலையா?"

ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய ஐஸ் ஹாக்கி கோல் கீப்பர் கையுறைகளிலிருந்து புளித்த ஈர நாற்றம் சமையலறை முழுக்கப் பரவியிருந்தது. மார்னி பேஸ்ட்டியைத் தட்டில் வைத்தாள். அந்த முப்பத்தொன்று, போன வாரம் அவள் சும்மா எழுதிய எண்.

நியெமி வீட்டின் முதல் பட்டதாரி அவள். சுரங்கத்து மனிதர்கள் பரம்பரையில் படித்துக் கிழித்து அவள் கண்ட வேலை, இயந்திரங்களுக்குப் பாடம் எழுதுவது. விளையாட்டுத் தகவல் தேடும் கருவி ஒன்று. தேடப்போவது மனிதர்கள் அல்ல, ஏ.ஐ. ஏஜென்டுகள். எப்படிக் கேட்க வேண்டும், வரும் பதிலை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவற்றுக்கு விளக்கம் எழுத வேண்டும். மாதிரிப் பதிலில் பிரபலமான ஆட்டக்காரர் பெயரைப் போட்டால் வக்கீல்கள் குதிப்பார்கள். அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் வீட்டு ஆட்களின் பெயரைப் போடுவார்கள். சிலர் நாயின் பெயரைக்கூட. அவள் தம்பியின் பெயரைப் போட்டாள்.

இரண்டு மாதிரிகள். முதலாவது, வியாழக்கிழமை ஆட்டம், முப்பத்தொன்று தடுப்பு. இரண்டாவது, ஏஜென்டுகள் தடுமாறும் அபூர்வமான நிலையை விளக்க. அதை எழுதிய அன்றுதான் கல்லூரியில் கிடைத்த இடத்தை ஏசா வேண்டாம் என்றிருந்தான். "உன்ன மாதிரி மெஷினுக்கு ஆயா வேல பாக்குறதுக்கு சுரங்கத்துலயே சாவேன்" என்றும் சொல்லியிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். ஏசா நியெமி. சனிக்கிழமை ஆட்டம். நிலை: காலமானார். பாதியில் நின்றுபோன ஆட்டம் என்பதால், முடிந்த நேரம்: காலி. அதற்குக் கீழே ஒரு விதியும் எழுதினாள். முடிந்த நேரம் காலியாக இருந்து, ஆட்டக்காரரின் நிலை 'ஆடுகிறார்' என்று இருந்தால், ஆட்டம் இன்னும் நடக்கிறது என்று கொள்ளவும்.

கீழறைக்கு ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். கருவியிடம் ஏஜென்டுகள் கேட்ட கேள்விகள் வரிவரியாக ஓடின. எல்லாவற்றிலும் ஒரே பெயர். தம்பி ஆடும் சின்ன லீக் அந்தக் கருவியில் கிடையவே கிடையாது. ஆனாலும் பதில் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுதாததும் அதில் இருந்தது. ஏசாவின் தாடையில் தையல். நான்கு வயதில். சமையலறை மேசையின் மூலை.

மேலதிகாரி ஸ்டூவர்ட்டைக் கூப்பிட்டாள்.

"மாதிரிய நிஜம்னு நெனச்சுக்கிச்சுங்க, அவ்வளவுதான். திங்கக்கிழமை நான் பாத்து ஓகே பண்றேன். அதுவரைக்கும் நீ எதையும் தொடாத மார்னி. தொட்டா உள்ள நுழையவே முடியாமப் பூட்டிடுவேன்."

"என் தம்பி சார் அது!"

"தம்பி பேர யாரு போடச் சொன்னா?"

சனிக்கிழமை மதியம், கார் டிக்கியில் பையைத் திணித்துக்கொண்டிருந்த ஏசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னிக்கு ஒருநாள் போகாதே என்றாள். காரணத்தையும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"பெரிய டீமுக்கு ஆள் எடுக்குறவங்க வர்றாங்க. உனக்குப் பட்டம் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. கைய விடு."

விட்டாள்.

நாலரைக்கே இருட்டிவிட்டது. அரங்கத்தில் பாப்கார்ன் வாசனையும், பனித்தரையிலிருந்து எழும் இரும்பு வாடையும், சறுக்குக் கத்திகள் கீறும் ஓசையும் கலந்திருக்க, மடியில் கணினியுடன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பகுதி. பக் என்கிற அந்த ரப்பர் வட்டு ஏசாவின் கழுத்தில் பட்ட சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. மரக்கட்டை ஒடிவது போல. விழுந்தான். அசையவில்லை. பனியில் சிவப்பு பரவியது. அம்மா எழுந்தாள். அலறவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது.

மார்னி யாரையும் கேட்கவில்லை. மாதிரியில் காலமானார் என்பதை அழித்தாள். ஆடுகிறார் என்று தட்டினாள். அனுப்பினாள்.

ஏசா எழுந்தான்.

கூட்டம் கூரை அதிரக் கத்தியது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆட்டம் முடிந்த சைரன் ஊதியது. கைகுலுக்கல். ஜனம் கலைந்தது. அம்மா காரைச் சூடாக்கப் போனாள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஈரத் தலையோடு வெளியே வந்தார்கள்.

"ஏசா எங்கடா?"

"தெரியலக்கா. எங்ககூட உள்ள வரவே இல்லையே."

பனித்தரைக்குப் போகும் கதவைத் தள்ளினாள். விளக்குகள் அணைந்திருந்தன. குளிர். இரும்பு வாடை.

டக்.

பக் கால்கவசத்தில் மோதும் சத்தம்.

டக்.

கணினியைத் திறந்தாள். திரை வெளிச்சம் பனியில் விழுந்தது. நிலை: ஆடுகிறார். முடிந்த நேரம்: காலி. தடுப்புகள்: நாற்பத்திரண்டு.

டக். நாற்பத்துமூன்று.

காலி இடத்தில் நேரத்தைத் தட்டினாள். ஏற்கவில்லை. மறுபடி தட்டினாள். உங்கள் அனுமதி நீக்கப்பட்டுள்ளது. ஸ்டூவர்ட்டைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

தரையில் வேறு யாருமில்லை. இருட்டுக்குள்ளிருந்து பக் வந்தது. கோல் முன்னால் அவன் குனிந்து நின்றான். முகமூடிக்குக் கீழே கழுத்து ஒரு பக்கமாகத் திறந்து கிடந்தது. கை மட்டும் சரியாக உயர்ந்தது. தடுத்தது. இறங்கியது.

"மார்னி," என்றான். குரல் கழுத்திலிருந்து வந்தது. "விசில் அடிக்கச் சொல்லு."

டக்.