சும்மா கிடந்த கால்

இரைச்சல் இருமியது.

அவன் விசைகளிலிருந்து கையை எடுத்தான். காதை இறுக்கி மூடிய ஹெட்போனுக்குள், அந்தப் பழைய கம்ப்யூட்டர் வழக்கமாக எழுப்பும் ஊய் என்ற இரைச்சலுக்கு நடுவே, சளி கட்டிய நெஞ்சிலிருந்து வந்ததைப் போல ஓர் இருமல், பிறகு மறுபடி ஊய். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் சாயங்காலத்துக்கு முன்பே அறை இருட்டிவிட்டது. ஈயப் புகையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை மூக்கிலேயே நின்றது. அந்தக் கம்ப்யூட்டரில் மைக் கிடையாது. விசைப்பலகைக்குள்ளேயே மொத்தத்தையும் அடைத்து, வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ளச் சொல்லி விற்ற காலத்துப் பொருள். அதற்கு இருமத் தெரியாது.

அண்ணன் வாங்கியது அது. அண்ணன் இப்போது பின்னறைக் கட்டிலில். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், மாதக்கணக்கில் பயிற்சி செய்து இப்போதுதான் கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது. அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

"கூப்பிட்டா மட்டும் எட்டிப் பாருங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அண்ணி மருந்து வாங்கக் கிளம்பியிருந்தாள். "சத்தம் சின்னதாத்தான் வரும். கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

"நான் பாத்துக்கிறேன் அண்ணி. நிம்மதியா போய்ட்டு வாங்க."

பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். சொன்ன கையோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பழைய விளையாட்டுகளின் இசையைப் பதிவு செய்து இணையத்தில் போடுவது அவன் வழக்கம். போன தடவை எவனோ ஒருவன், 'பாட்டு பிரமாதம், பின்னாடி கத்துற கொசு யாருது?' என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. டிவி வழியாக வந்த ஒலியை விட்டுவிட்டு நேராகத் தனி வயர் இழுத்தான்; உப்பிப்போன கெபாசிட்டர்களை மாற்றினான்; அடாப்டரை மாற்றினான். கொசு போகவில்லை. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. சத்தம் உண்டாக்கும் சிப்பில், வெளிச் சத்தத்தை உள்ளே வாங்குவதற்கென்றே ஒரு கால் உண்டு. எதிலும் சேராமல் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதால் அக்கம்பக்கத்து இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதை எர்த்தோடு சேர்த்துவிட்டால் அடங்கிவிடும்.

"பொடியா."

இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது. அவனை அப்படிக் கூப்பிட வீட்டில் ஒரே ஆள்தான்.

அண்ணன் குரல் என்று தெரிந்தது. தெரிந்தும், பக்கத்து வீட்டு ரேடியோவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையிலிருந்து ஏற்கெனவே பலமுறை எழுந்து போயாயிற்று. தலையணையைச் சரி செய்ய, தண்ணீர் கொடுக்க, வாயோரம் வழிந்ததைத் துடைக்க. துடைக்கும்போது இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அண்ணன் பார்த்துவிட்டான். மறுபடி அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

"பொடியா... கொஞ்சம்... வாடா."

இதோ, இதை முடித்துவிட்டுப் போகலாம். கம்ப்யூட்டரை அணைத்தான். அந்தக் கால், எர்த், நடுவில் ஒரு துண்டு வயர். ஈயம் உருகிப் பளபளத்து இறுகியது. மறுபடி போட்டான்.

கொசு செத்தது.

இசை மட்டும் வந்தது, கழுவித் துடைத்து வைத்ததைப் போல. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா இசைக்காக அல்ல, கூப்பிடுவது நின்றதற்காக என்று உறைத்தபோது உடம்பு கூசியது.

ஹெட்போனைக் கழற்றினான். மழை கேட்டது. மின்விசிறி கேட்டது. பின்னறைக்கு நடந்த தன் காலடியும் கேட்டது.

அண்ணன் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தான். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்திக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை. நல்ல கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தான். கட்டில் அதிர்ந்தது. சத்தம் இல்லை. தம்ளரைத் தட்டிவிட்டான். விழுந்தது. உருண்டது. சத்தம் இல்லை.

"அண்ணே."

தன் குரல் மட்டும் கேட்டது.

தூக்கிப் படுக்க வைத்தான். ஓடினான். வயரை வெட்டினான். சிப்பின் காலில் ஒட்டிய ஈயத்தைச் சுரண்டினான். ஹெட்போன். ஊய் இல்லை. இருமல் இல்லை. சுத்தம்.

வாசல் கதவு திறந்தது. சொட்டும் குடையோடு அண்ணி.

"கூப்பிட்டாரா தம்பி?"

வெட்டிய வயர்த் துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"இல்ல அண்ணி. கூப்பிடவே இல்ல."

அவள் பின்னறைக்குப் போய்க் குனிந்து, அண்ணனின் வாயருகே காதை வைத்தாள். "என்ன வேணும்? மெதுவா சொல்லுங்க," என்றாள். குனிந்தபடியே இருந்தாள். அவள் தோளுக்கு மேலாக அண்ணனின் கண்கள் கதவோரம் நின்ற அவனையே பார்த்தன. உதடுகள் குவிந்தன. விரிந்தன. திறந்தன. மறுபடி குவிந்தன.