நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பஞ்சுகள்

மழை... பேருந்து... ஒரே ஒரு காலி இருக்கை. ஒரு காதல் தொடங்கத் தேவையான மூன்றும் அந்தத் திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கே தயாராக இருந்தன. ஒரே சிக்கல், அந்த இருக்கையில் ஏற்கெனவே ஒரு கூடை உட்கார்ந்திருந்தது.

"கூடைய கொஞ்சம் எடுக்கறீங்களா? நான் உக்காரணும்" என்றான் மழையில் நனைந்து ஏறியவன்.

ஜன்னலோரத்தில் இருந்தவள் திரும்பினாள். பெரிய கண்கள். மழைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அவை இன்னும் ஈரமாகத் தெரிந்தன... ஆனால் பேச்சில் ஈரமில்லை.

"கூடைக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்."

"கூடைக்கா?"

"உள்ள இருக்கறவங்களுக்கு." இரண்டு டிக்கெட்டுகளை விசிறி மாதிரி விரித்துக் காட்டினாள்.

அவன் முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணினிப் பையைச் சட்டைக்குள் ஒளித்திருந்ததால், தூரத்திலிருந்து பார்க்க நிறைமாதக் கர்ப்பிணி போல இருந்தான். அந்தக் காரணத்துக்காகவாவது யாராவது எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

"டிக்கெட் எடுத்தவங்க முகத்தையாவது பாக்கலாமா?" என்று கூடையின் இடுக்கில் விரலை நீட்டினான்.

உள்ளே இருந்தவர் முகத்தைக் காட்டவில்லை. கையைக் காட்டினார். நகத்தோடு.

"ஆ!" என்றான். தொடர்ந்து நான்கு தும்மல். அவனுக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது. ஐந்து வயதிலிருந்தே அப்படித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு கண்ணில் தெரிந்தது. பிறகு பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்து, ஆடுகிற பேருந்தில் ஆடாத கையோடு அவன் வலது சுட்டுவிரலுக்குக் கட்டுப் போட்டாள். கட்டு, விரலைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.

"ஊசி போட்டாச்சா?"

"பூனைக்கா?"

"உங்களுக்கு. பூனைக்கு நான் போட்டுக்கறேன்."

ஆறாவது நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். அவனும் இறங்கினான். அவள் இடப்பக்கம் திரும்பினாள். அவனும். பச்சைக் கதவு போட்ட கட்டடத்தின் வாசலில் அவள் சட்டென்று நின்றாள்.

"என் பின்னாடியே வர்றீங்களா?"

"இல்லீங்க. நீங்கதான் எனக்கு முன்னாடியே போறீங்க."

இருவருமே தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார்கள். விலங்கு மருத்துவமனை. அவள் அங்கே பதிவு மேசையில் இருப்பவள். அவன், அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியிலிருந்து ஐந்து நாளுக்கு அனுப்பப்பட்டவன். இடம் தராதவளும் இடம் கிடைக்காதவனும் இனி ஒரே மேசையில் உட்கார வேண்டும். விதிக்கு வேறு வேலை இல்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக, பழைய நோட்டுகளில் கோழி கிண்டிய எழுத்தில் கிடந்த நாய், பூனை, கிளி, ஆமை அத்தனையையும் அவள் ஒருத்தியே கணினியில் ஏற்றியிருந்தாள். மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு உயிர்கள். பெயர், வயது, எடை, போட்ட ஊசி, போட விடாமல் கடித்த கடி எல்லாம். ஆனால் ஏற்றியதில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் கம்பெனிக்கு எழுதிப் போட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதனால் தன் மேசையிலிருந்தே பிரவுசரில் திறந்து பார்க்க, திருத்த ஒரு கருவி கேட்டாள்.

கேட்டது யாரிடம்? மருத்துவமனை டாக்டரிடம். அவர் அவளுக்கு அத்தை. வீட்டில் அத்தை, பச்சைக் கதவுக்குள் வந்தால் டாக்டர். அந்த எல்லைக்கோட்டை அவள் ஒருநாளும் தாண்டியதில்லை.

"பிரவுசர்ல தொறந்து வெச்சா போறவன் வர்றவன் எல்லாம் கை வைப்பான்" என்றார் டாக்டர். "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள எந்தக் கருவி நல்லதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க. ஏதாவது ஏடாகூடம் ஆச்சோ... பழைய நோட்டுதான். நீ போன் மட்டும் எடுத்தா போதும்."

அவள் தலையாட்டினாள். இரண்டு வருட உழைப்பு வெள்ளிக்கிழமையின் நுனியில் தொங்கியது.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை தட்டி வேலை செய்யும் ஜாதி. பொத்தான், படம், வண்ணம் எதுவும் ஆகாது. முதல் நாள் மத்தியானமே அவள் அவனுக்குக் 'கறுப்புத்திரை' என்று பெயர் வைத்துவிட்டாள். கம்பவுண்டர் அண்ணன் மாலைக்குள் அதைத் தினமும் மருந்துக்கு வரும் கிளிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

மூன்று கருவிகளைப் போட்டுப் பார்த்தார்கள். முதலாவது, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. பளபளப்பு, புன்னகை... நாலாயிரம் பதிவைத் திறக்கச் சொன்னதும் மயக்கம் போட்டு விழுந்தது.

இரண்டாவதில் எண்பது பொத்தான். "இது எதுக்கு?" என்று அவள் ஒன்றைத் தொடப் போனாள்.

"தொடாதீங்க! அது மொத்தத்தையும் அழிக்கறது."

"சேமி பொத்தானுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கானே?"

"ஆமா... அவனுக்கு யார் மேலயோ கோவம்."

மூன்றாவது சின்னஞ்சிறிது. அலங்காரம் கிடையாது, சாம்பல் முகம். ஆனால் எதை மாற்றப் போனாலும், 'இத்தனை பதிவுகள் மாறும். உறுதியா?' என்று நின்று கேட்டது. அவளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"இதுதான்" என்றாள்.

"இதுவா? சும்மா சும்மா உறுதியான்னு கேக்குதே... வேலை தெரிஞ்சவன்கிட்ட எதுக்குங்க உறுதி கேக்கணும்?"

"வேலை தெரிஞ்சவர்தான் கூடைக்குள்ள விரல விட்டாரு."

அவன் வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய்க்குள் ஒரு சிரிப்பு மாட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை அவன் பதினேழு முறை தும்மினான். அவள் எண்ணினாள். புதன்கிழமை காலை கூடை அவள் காலடியிலிருந்து உள்ளறைக்குப் போயிருந்தது. 'இதுக்காகவா தூக்கி உள்ள வெச்சா...' என்று நினைத்தபோது அவன் தட்டிக்கொண்டிருந்த கட்டளை பாதியில் நின்றது. அதுவும் பூனை முடியால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். வியாழக்கிழமை ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து, "அந்தப் பூனைய இங்கயே வெச்சுக்கங்க. பாவம், தனியா இருக்கு" என்றான். அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவனுக்கு எல்லாக் கட்டளையும் மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே மழை. காத்திருப்பு அறை நிரம்பி வழிந்தது.

"பேருல 'பெயரில்லாப் பூனை'ன்னே கிடக்கு" என்று மடியிலிருந்த பூனையைத் தடவினாள் அவள். தெருவில் நனைந்து கிடந்ததை அவள்தான் கண்டெடுத்திருந்தாள். "பஞ்சுன்னு மாத்தணும். இருங்க, நம்ம மூணாவது கருவிய தொறக்கறேன்..."

"எதுக்கு? ரெண்டே செகண்ட்." கறுப்புத் திரை திறந்தது. பெரிய கட்டு விரலோடு தட்டினான். பெயரை, பஞ்சு என, மாற்று...

அப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மழை வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. காதோரம் ஒரு முடி மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் பறந்துகொண்டிருந்தது...

விரல் விசையை அழுத்தியது.

பெயரை மாற்று என்று சொன்னவன், யார் பெயரை என்று சொல்லவில்லை. கறுப்புத் திரை எதிர்க்கேள்வி கேட்காது. சொன்னதைச் செய்தது.

'4312 பதிவுகள் மாற்றப்பட்டன.'

அவன் முகத்திலிருந்த ரத்தம் எங்கோ அவசர வேலையாகக் கிளம்பிப் போனது. அதற்குள் வாசலில் கம்பவுண்டர் அண்ணன் திரையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "பஞ்சு!"

யாரும் எழவில்லை.

"அடுத்தது... பஞ்சு! அதுக்கடுத்தது... அட, பஞ்சு!"

கன்றுக்குட்டி அளவு நாயைப் பிடித்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், என் பேருக்கு நேரா புல்டோசருக்குப் பதிலா பஞ்சுன்னு இருக்கு? மனசு புண்படுதுல்ல?" புல்டோசர் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டது. ஆமைக்காரம்மா, கிளிக்காரத் தாத்தா, முயல் வைத்திருந்த இரட்டைப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கிளி மட்டும் நிதானமாக, "கறுப்புத்திரை" என்றது.

டாக்டர் வெளியே வந்தார். திரையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் தலதலையா அடிச்சுக்கிட்டேன், பிரவுசர் வேணாம்னு. காலையிலேருந்து அந்தக் கருவியத்தானே நோண்டிக்கிட்டிருந்த?"

அவள் அவனைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்க, என்று அந்தப் பெரிய கண்கள் இடம் விட்டு நின்றன.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. 'கட்டளையில எட்டு வருஷமா ஒரு தப்பு பண்ணாதவன்...' என்று அவன் கர்வம் உள்ளே நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நேத்து சாயங்கால நகல் இருக்கு டாக்டர். பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

"பண்ணிட்டுக் கிளம்புங்க. முடிவு ஆயிடுச்சு. நோட்டுதான்."

பத்து நிமிடத்தில் புல்டோசர் மீண்டும் புல்டோசர் ஆனது. அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய நோட்டை இறக்கி, தூசியைத் தட்டி, அன்று காலை வந்த இருபத்து மூன்று பேரைப் பேனாவால் எழுதத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திரும்பும் பேருந்தில் கூட்டமே இல்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தான். பக்கத்து இருக்கை காலி... கூடைகூட இல்லை. டிக்கெட் கொடுக்க வந்தவர், "எத்தன?" என்றார். வாய் தானாக, "ரெண்டு" என்றது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான்.

மழையில் ஓடி வந்தவனைப் பார்த்துப் பச்சைக் கதவருகே கம்பவுண்டர் அண்ணன், "துவட்டிட்டு வாங்க தம்பி, நாய்ங்கதான் இப்படி வரும்" என்றார். அவன் நேராக டாக்டர் முன்னால் போய் நின்றான். பதிவு மேசையில் பேனா நின்றது.

"டாக்டர், தப்பு அவங்க மேல இல்ல. அவங்க கருவி மேலயும் இல்ல. நான் பண்ணினேன். கறுப்புத் திரையில. எந்தப் பூனைன்னு சொல்லாமலே பேர மாத்தச் சொல்லிட்டேன். அவங்க கருவியா இருந்திருந்தா, நாலாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டு மாறும், உறுதியான்னு கேட்டிருக்கும். கறுப்புத் திரை கேக்கல. காலையிலயே சொல்லியிருக்கணும்... சொல்லல."

டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "போறவன் வர்றவன் கை வைக்க மாட்டானா?"

"ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும்தான் தொறக்கும். ஆளுக்கொரு கடவுச்சொல். அழிக்கற உரிமை யாருக்கும் கிடையாது. முக்கியமா எனக்குக் கிடையாது."

"எட்டு வருஷ அனுபவம்னு உங்க கம்பெனியில சொன்னாங்களே. இவ்ளோ பெரிய தப்பு எப்படி நடந்துச்சு? விரல் கட்டாலயா?"

தப்பிக்க நல்ல வழி. பழியைப் பூனையின் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். கூடைக்குள்ளிருந்து பூனையும் அவனை ஒரு பார்வை பார்த்தது.

"விரல் நல்லாத்தான் இருந்துச்சு. நான் திரையப் பாக்கல."

"பின்ன எங்க பாத்தீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்தன. பதிவு மேசையில் ஒரு பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிர ரொம்ப நேரம் ஆனது.

டாக்டர் இருபத்தாறு வருடமாக வாய் பேசாத ஜீவன்களின் நோயைக் கண்டுபிடித்தவர். இது ஒரு பெரிய விஷயமா? "ஆமைக்கு ஊசி போடணும்" என்று எழுந்தார். கதவருகே நின்றார். "அந்த நோட்ட மேல தூக்கி வைடி." பச்சைக் கதவுக்குள் அவர் அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

"சரி அத்தை" என்றாள். அதுவும்தான்.

அவள் நோட்டை மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"காலையில மூணு செகண்ட் சும்மா நின்னீங்க" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "நான் எண்ணினேன்."

"தும்மலையும் எண்ணினீங்க. எதையும் விட மாட்டீங்களா?"

"மாட்டேன். நாலாயிரத்துல ஒண்ணுகூட விடல."

"மன்னிச்சிருங்க..."

அவள் சாம்பல் முகக் கருவியைத் திறந்தாள். பெயரில்லாப் பூனையின் பதிவில் பஞ்சு என்று எழுதினாள். '1 பதிவு மாறும். உறுதியா?' என்று அது கேட்டது. கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்களைத்தான் கேக்குது."

அவன் கட்டு விரலால் அழுத்தினான். பூனைக்குப் பெயர் வந்தது. ஒரே ஒரு பூனைக்கு.

"இப்பவாவது திரையப் பாத்து அழுத்தினீங்களா?"

"இல்ல."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... இப்போது அவற்றில் சிரிப்பை அடக்கும் பாடு எதுவும் இல்லை.

"நீங்க பக்கத்துல இருக்கற வரைக்கும் நான் திரையப் பாப்பேன்னு தோணலீங்க. அதான் இந்தக் கருவி வேணும்ங்கறேன்" என்றான். பிறகு, நான்கு முறை தும்மினான்.

அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலியான நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க."