திருத்தம் வாசித்தவன்

உருளைக்கிழங்கு ஏற்ற வந்த லாரியிலிருந்து மன்னவனூரில் இறங்கியபோது ஞானவேலுக்கு மனசெல்லாம் துள்ளல். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மனைவி லீலாவுக்குப் பெண் பிறந்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மலைக்குக் கீழே வானொலி நிலையத்தில் மாலைச் செய்தி வாசிப்பவன் அவன். முகம் தெரியாதவர்கள்கூடக் குரலைக் கேட்டதும் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "என்னங்க, எல்லாரும் சௌக்கியமா?" என்றான்.

ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

வீட்டில் லீலா காய்ச்சலில் கிடந்தாள். தொட்டால் கை சுட்டது. கம்பளிக்குள் குழந்தை பாலுக்கு அழுதது. மாமியார் கந்தம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, இங்கன வாயத் தொறக்காதீங்க" என்று கிசுகிசுத்தாள்.

விஷயத்தைச் சொன்னவர், பஞ்சாயத்து ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் வேலப்பன்.

"கொஞ்ச நாளாச் சாயங்காலமானா எங்க ஊர்ச் சாவை நீங்கதான் வாசிக்கிறீங்க. முந்தாநாள் பொன்னுவேலு, நேத்து வீரம்மா. விடியக்குள்ள ரெண்டு பேரும் செத்துக் கெடந்தாங்க."

"நான் லீவுல இருக்கேங்க. வாசிக்கவே இல்லியே!"

"ரேடியோவுல பேட்டரியும் இல்லீங்க. சார்ஜ் போடக் கொடைக்கானலுக்கு அனுப்பிட்டேன்."

மஞ்சு இறங்கியது. அந்த மூடுபனியில் ஈரக் கம்பளி வாடை ஊரெங்கும் பரவியது. பஞ்சாயத்துக் கட்டடத்தின் கூம்பு ஒலிபெருக்கி கரகரத்தது.

"செய்திகள். வாசிப்பது ஞானவேல்."

அவனுடைய குரலேதான். பெயரை முடிக்கும்போது லேசாகத் தாழ்கிற அதே இழுப்பு.

"மன்னவனூரைச் சேர்ந்த லீலா காலமானார்."

ஞானவேலுக்குத் தொழில் கைகொடுத்தது. செய்தி தப்பாகிவிட்டால் வாசித்தவனே திருத்தம் சொல்ல வேண்டும் என்பது நிலையத்து வழக்கம். வேறு குரல் சொன்னால் எடுபடாது. தவறு என்று மட்டும் சொன்னாலும் போதாது, சரியான விவரத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கிக்குக் கீழே ஓடிப்போய் நின்றான். "ஒரு திருத்தம். காலமானவர் லீலா அல்ல..."

யார் பெயரைச் சொல்வது?

என் பெயர் வேண்டாம் என்பதுபோல் வேலப்பன் கைகூப்பினார்.

"...ஞானவேல்" என்று முடித்தான்.

கரகரப்பு அடங்கியது.

மறுநாள் வெள்ளனே லீலா வியர்த்துக் கண் திறந்தாள். பக்கத்தில் ஞானவேலும் உயிரோடுதான் இருந்தான். ஆசையாக அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

வெறும் காற்றுதான் வந்தது.

குரல் செத்திருந்தது. போனால் போகட்டும், பெண்டாட்டி பிழைத்தாளே என்று அவள் கையில் முகம் புதைத்து அழுதான். அவ்வளவும் சந்தோஷ அழுகை.

அன்று மாலையும் மஞ்சு இறங்கியது.

"செய்திகள். வாசிப்பது ஞானவேல்."

குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

"மன்னவனூரைச் சேர்ந்த லீலா காலமானார்."

ஓடினான். ஒலிபெருக்கியின் கீழ் நின்று வாயை அசைத்தான். தொண்டையைப் பிறாண்டினான். ரத்தம்தான் வந்தது, சத்தம் வரவில்லை. "திருத்தம்! திருத்தம்!" என்று அவனுக்காக வேலப்பன் கத்திப் பார்த்தார். வேறு குரல், எடுபடவில்லை.

விடியும்போது லீலாவின் கை சில்லிட்டிருந்தது.

பாடையோடு போய்த் திரும்பிய ஞானவேலிடம் குழந்தையை எடுத்துக் கொடுத்த பெண் கேட்டாள்: "பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க?"

கந்தம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

அந்தப் பிள்ளைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இப்போது அது தவழ்கிறது. மாலையானால் ஞானவேல் அதை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேட்டரி இல்லாத ஒலிபெருக்கி, "மன்னவனூரைச் சேர்ந்த..." என்று தொடங்கும்.

அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிள்ளையின் பெயருக்காக அது காத்திருக்கும்.