நாலு மணி அளவு

ரூபேந்திரன் சாரின் வெள்ளைக் கார் மதகுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது மணி நாலு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகாராசா இறங்கவில்லை. இறங்கினால் சப்பாத்து நனைந்துவிடுமே!

லாயாங் லாயாங் ஊரிலிருந்து செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி வந்தால், பாரிட் என்று நாங்கள் சொல்லும் பெரிய வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் இந்த மதகு இருக்கிறது. வாய்க்கால் ஓரம் இருபத்திரண்டு வீடுகள். முதல் வீடு என் அக்கா பேச்சியம்மாளுடையது. மதகை ஏற்றி இறக்குவது என் வேலை. எப்போது என்று சொல்வது சாரின் வேலை. இரண்டு பக்கமும் அளவுப் பலகை உண்டு. ஆற்றைவிட வாய்க்கால் உயர்ந்தால் மதகைத் தூக்க வேண்டும். ஆறு உயர்ந்திருக்கும்போது தூக்கினால் ஆறே வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

இந்த அளவை ஒழுங்காகப் பார்த்த ஒரே மனுசன், எங்களோடு வேலை செய்த லெட்சுமணன் அண்ணன். படியில் இறங்கி, பலகையைக் கையால் துடைத்து, எண்ணைக் கூவுவார். மேலே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஏறி வருவார். மழைச் சத்தத்தில் எண் மாறிவிடக் கூடாதே என்று அவர் வைத்திருந்த பழக்கம்.

போன நவம்பரில் ஒரு நாள் கூவினார். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. சார் காருக்குள் ஏர்கோன் போட்டுக் கறிபாப் தின்றுகொண்டிருந்தார். அண்ணன் படியிலேயே காத்து நின்றார். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. விசாரணையில் சார், "அவர் கூப்பிடவே இல்லை" என்றார். தூ! அதெல்லாம் ஒரு வாயா?

அதற்குப் பிறகு, நேற்றைய அளவையே இன்றைக்கும் எழுதுவது சாரின் வழக்கமாகிவிட்டது. பலகையைக் கழுவக்கூட ஆள் விடவில்லை.

என் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, தண்ணி வாசப்படி ஏறிடுச்சுடா. படுத்த படுக்கையா கெடக்குற மாமாவ தூக்கிட்டு நான் எங்கடா போவேன்?"

ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

"சார், அக்கா வீட்டுக்குத் தண்ணி வந்துருச்சு. தூக்கவா?"

"நேத்து வாய்க்கால் ஒன்னு புள்ளி ரெண்டு. அதையே போட்டுட்டேன். தப்பாப் போனா யாரு பதில் சொல்றது, செல்வா? சும்மா இரு லா."

கண்ணாடி ஏறிவிட்டது.

ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டு புள்ளி ஒன்று. வாய்க்கால் பக்கம் படிகள் பாதி மூழ்கியிருந்தன. பலகை முழுக்கப் பாசியும் சேறும். ஒரு எண்கூடத் தெரியவில்லை. தூக்குவதா, வேண்டாமா?

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. கோடாலித் தைலம். அண்ணன் நெற்றியில் தடவிக்கொள்வது.

சரக்... சரக்...

பலகையில் பாசி விலகிக்கொண்டே வந்தது.

துடைக்கிற கையை மட்டும் காணோம்.

"ரெண்டு புள்ளி நாலு!"

அண்ணன் குரல். திரும்பிப் பார்த்தேன். மூடிய கண்ணாடிக்குள்ளே சார் முகம் வெளுத்து, 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையாட்டினார். கண்ணாடியை ஏற்றியிருந்தும் கேட்டிருக்கிறது.

அன்றைக்கும் கேட்டது. எனக்குத் தெரியும். அன்று அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். "மழை விடட்டும், அப்புறம் பதில் சொல்லு" என்று எனக்கும் ஒரு கறிபாப் நீட்டினார். வாங்கித் தின்றேன். முன்னே 'தூ' என்று துப்பினேனே, அதில் பாதி என் மூஞ்சிக்கு.

"ரெண்டு புள்ளி நாலு!"

"ரெண்டு புள்ளி நாலு, அண்ணே!" என்று கத்திவிட்டு மதகுச் சக்கரத்தைச் சுற்றினேன். மதகு முனகிக்கொண்டே ஏறியது. வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் பாய்ந்தது. கால் மணி நேரத்தில் அக்கா அழைத்தாள். "வடியுதுடா தம்பி. முருகா, மாமா தப்பிச்சாரு."

நான் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது.

திருப்பிச் சொன்னால், அவர் ஏறி வருவார்.

தண்ணீருக்குள்ளிருந்து படியில் பூட்ஸ் சத்தம்.

ஒவ்வொரு படியாக.

ஈரம் என்னைத் தொட்டுக்கொண்டு கடந்து போனது. சேற்றில் பதிந்த தடங்கள் கார்க் கதவுவரை போய் நின்றன. கதவு திறக்கவில்லை. ஆனால் காருக்குள் டிங், டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்தச் சத்தம். சார் கதவைத் திறந்து, சப்பாத்தோடு சேற்றில் விழுந்து ஓடினார்.

இப்போது அவர் ஸ்கூடாய் ஆபீசில் இருக்கிறார். கார் மாற்றிவிட்டார். போன வாரம் சிவப்பு விளக்கில் நின்றபோது பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது, ஒரு ஆளின் வயிற்றளவு புடைத்து. நல்லா ஓட்டட்டும் என்று சிரித்துக்கொண்டேன்.

என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டை எப்போதோ கழற்றிவிட்டேன். அப்படியும் தினம் நாலு மணிக்குப் பின் டயர் அமுங்குகிறது.