வலது விலாவுக்குக் கீழே

இருட்டாக இருக்க வேண்டிய ஃபோன் திரையில் ஒரு வெளிச்சம் இருந்தது.

தொட்டிலுக்கு மேலே மாட்டிய கேமராவில் இருட்டிலும் படம் தெரிவதற்காக இருந்த சிவப்பு விளக்குகளையே குழந்தை சுண்டு தூங்காமல் வெறித்துப் பார்க்கிறான் என்று, காலையில்தான் அவள் அவற்றின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தாள். பகல் தூக்கத்துக்காகக் கனத்த திரைச்சீலையை இழுத்துவிட்ட அந்த அறையில், இனி கேமராவுக்குத் தெரிய எதுவுமில்லை. ஆனாலும் சாம்பல் இருட்டின் நடுவே பட்டாணி அளவில் ஏதோ ஒளிர்ந்தது. குழந்தையின் மூச்சோடு மெல்ல ஏறி இறங்கியது.

உள்ளே போய்ப் பார்த்தாள். பால் வாசனை, பவுடர் வாசனை, மின்விசிறியின் முனகல். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து ஃபோனைப் பார்த்தால் அதே இடம். வலது விலாவுக்குக் கீழே.

அந்த இடம் அவளுக்குப் பழக்கம். அவளும் கணவனும் வேலை செய்யும் ஆய்வகத்தில், எலிகளுக்கு ஊசியில் ஏற்றும் நுண்துகள்கள் ஈரலில்தான் போய்ச் சேரும். வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு, இருட்டில் கேமராவுக்கு மட்டும் தெரியும்படி நெடுநேரம் ஒளிரும். குடிக்கக் கொடுத்தாலும் ஈரலைச் சேரும்படி அவற்றை மாற்றுவதுதான் கொஞ்ச காலமாகக் கணவனின் வேலை.

முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. கையுறை கிழிந்திருக்குமோ. தாய்ப்பாலில் இறங்கியிருக்குமோ. கேமராவைக் கழற்றி இருட்டில் தன் மார்புக்கும் வயிற்றுக்கும் காட்டினாள். காலையில் வெயிலில் நின்று துணி உலர்த்தியவள்தான். ஒன்றுமில்லை. கேமராவைத் திரும்ப மாட்டினாள்.

அப்படியானால் புட்டிப்பால்.

அதைக் கலக்குகிறவன் அவன். தினமும் சுண்டுவைப் பால்கனி வெயிலில் காட்டுகிறவனும் அவன்தான். என்ன திடீர் அக்கறை என்று ஒருநாள் கேட்டதற்கு, எலியை நோட்டம் விடுகிற மாதிரியே என்னையும் பார்க்கிறாய் என்று சிரித்தான்.

சமையலறையில் அவன் முதுகு தெரிந்தது. புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தான். மெதுவாக, ஒரே சீராக. துகள் அடியில் தங்கிவிடாமல் ஆய்வகத்தில் குலுக்குவார்களே, அப்படி.

"ஏங்க," என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "கேமரா கெட்டுப்போச்சு போல. ஏதோ வெளிச்சம் தெரியுது."

அவன் திரும்பவில்லை.

"ஈரல்லயா?"

அவள் ஃபோனைப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே இருட்டு. எங்கும் இருட்டு.

"இல்ல."

குலுக்கல் நின்றது.

பிறகு, தலைப் பக்கம். ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. சின்ன, வட்டமான வெளிச்சங்கள்.

கேமராவை நேராகப் பார்த்தன.

இமைத்தன.