வாலு இழுத்த குப்பை

“இழு வாலு, இழு! அவங்க கூடை நிரம்பிடுச்சு!”

அன்று ஐந்தாம் வகுப்புக்குச் சதுப்பு நிலத்தில் பாடம். தண்ணீரை அடைத்துக் கிடக்கும் பாசியையும் பிளாஸ்டிக்கையும் வாரிக் கரையேற்ற வேண்டும். அதிகக் கூடை நிரப்பும் அணிக்கு வெற்றி. போட்டி என்று வந்துவிட்டால் வாலு சும்மா இருப்பாளா? நாணலுக்குள் மிதந்த ஓர் அழுகல் குவியலை, நீளமான வாரியால் ஒரே இழுப்பில் கரைக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

“செம வேட்டை!” என்று கூடையை நீட்டினான் கூட்டாளி.

அள்ளுவதற்காக வாலு குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வழவழவென்று ஏதோ விரலில் பட்டது. பாசியை விலக்கினாள். மூன்று முட்டைகள்!

“ஐயையோ! டீச்சர், இது குப்பை இல்ல, கூடு!”

“கூடு மரத்துலதானே இருக்கும்?” என்றான் கூட்டாளி.

ஓடி வந்த டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. “முக்குளிப்பான் பறவை தண்ணியிலதான் கூடு கட்டும். வெளிய போறப்ப முட்டைய பாசியால மூடிட்டுப் போகும், யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. இத நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.”

தூரத்தில் ஒரு சின்ன முக்குளிப்பான் முங்குவதும் எழுவதுமாகத் தவித்தது. வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போய், பல்பு வச்சுப் பொரிக்கலாமா?” என்றான் கூட்டாளி.

“அதுங்களுக்குத்தான் அம்மா இருக்கே! நாம என்ன பிள்ளை பிடிக்கிறவங்களாடா?” என்றாள் வாலு.

முட்டைகளைப் பழையபடி மூடி, வாரியால் கூட்டை மெல்லத் தள்ளினாள் வாலு. அது நாணல் வரை போனது. காற்று அடித்ததும் திரும்பவும் கரைக்கே வந்து சேர்ந்தது. அவள் இழுத்த இழுப்பில், கூட்டை நாணலோடு பிணைத்திருந்த கட்டு அறுந்து போயிருந்தது!

வாலு சடையிலிருந்து ரிப்பனை உருவினாள். டீச்சர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கூட்டை நாணல் தண்டுகளோடு சேர்த்துக் கட்டினார்.

பறவை வரவில்லை. வகுப்பு மொத்தமும் கரையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

“நாம இப்படி நின்னா அது எப்படி வரும்?” வாலு படபடத்தாள். “முட்டை ஆறிப் போயிடும். எல்லாரும் நம்ம ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால வாங்க!”

“அப்போ போட்டி?”

“போட்டி கிடக்கட்டும்டா!”

பஸ்ஸுக்குப் பின்னால் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ‘வந்துடு, தயவுசெஞ்சு வந்துடு’ என்று வாலு மனசுக்குள் கெஞ்சினாள்.

நாணல் அசைந்தது. பறவை கூட்டைச் சுற்றி வந்தது. ரிப்பனை ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. பிறகு மேலே ஏறி, பாசியை அலகால் விலக்கி, உட்கார்ந்துகொண்டது.

வாலு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். அவளைப் பார்த்து வகுப்பே, டீச்சர் உட்பட, வாயைப் பொத்திக்கொண்டு குதித்தது.