குருவி தூங்கிவிட்டாள்

மாத்திரை கரண்டியிலேயே கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதைப் பொடித்து, தேனில் குழைத்து, சமையல் மேடையில் வைத்துவிட்டு அம்மா எதற்கோ திரும்பியிருக்கிறாள், அப்படியே மறந்துபோயிருக்கிறாள். விடிந்து பார்த்தபோது தேன் ஓரமெல்லாம் காய்ந்து, அதில் ஓர் எறும்பு சிக்கிச் செத்திருந்தது. மருந்து வாய்க்குள் போகவே இல்லை. ஆனால் ஏழு வயது மகள் குருவி ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

அம்மா கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். எப்படி என்று யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான். யோசிக்கவில்லை. வருஷக்கணக்கில் பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்தவள் ஒரு முழு ராத்திரி தூங்கி எழுந்திருக்கிறாள். அவளிடம் போய் ஏன், எதற்கு என்று கேட்டால் கோபம்தான் வரும்.

குருவி என்பது செல்லப் பெயர். ஓரிடத்தில் நில்லாமல் தத்தித் தத்திக் குதிப்பதால் ஒட்டிக்கொண்டது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் அம்மாவுக்குப் பழகிவிட்டது. சட்டையில் லேபிள் உறுத்தினால் அழுவாள், ஒரே தட்டில்தான் சாப்பிடுவாள், யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டாள், சரி. பழகாதது ராத்திரிதான். நடுராத்திரியில் விழித்தால் விடியும்வரை கட்டிலிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து கட்டிலுக்கும் குதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் ஒரு கம்பை எடுத்துத் தன் வீட்டுக் கூரையை டொக் டொக்கென்று இடிப்பார். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். "ஒரு புள்ளைய தூங்க வைக்கத் தெரியல உனக்கு" என்று சொல்வதற்கு மட்டும் அவர் போனுக்கு எங்கிருந்தோ சிக்னல் கிடைத்துவிடும்.

அம்மாவுக்கு வேலை பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனியில், கட்டிங் டேபிளில். துணியை அடுக்கடுக்காக விரித்து, வரைந்த கோட்டின்மேல் கரண்ட் கத்தியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கண் சொக்கினால் விரல் போய்விடும். அதனால்தான் கடைசியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள்.

"மெலடோனின்னு பேரு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்க வைக்கிற மருந்து இல்லம்மா இது," என்றார் டாக்டரம்மா. "இருட்டிடுச்சு, படுக்கற நேரம் வந்துடுச்சுன்னு உடம்புக்குச் சொல்லும், அவ்வளவுதான். நான் எழுதின அளவுக்கு மேல நீங்களா கூட்டாதீங்க. மீதியெல்லாம் பழக்கம். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. குளிக்க வைங்க, லைட்டைக் குறைங்க, போனைக் காட்டாதீங்க. கை கால அமுக்கினா பிடிக்குதுன்னா அமுக்கி விடுங்க."

குருவிக்கு அமுக்கிவிட்டால் போதும், உயிர். தோளில் ஆரம்பித்து உள்ளங்கால்வரை அம்மா அழுத்தி அழுத்தி வருவாள். "போதுமா?" என்பாள். "போதுமா?" என்பாள் குருவியும். போதும் என்று அர்த்தம். குருவிக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் கிடையாது. காதில் விழுந்ததை, சொன்னவர் குரலோடு, இழுவையோடு, அப்படியே திருப்பிச் சொல்வாள். அதிலேயே தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்வாள். தாகமென்றால் "தண்ணி வேணுமா?" அம்மா தேவைப்பட்டால், வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது அம்மா சொல்கிற "அம்மா வந்துட்டேன்டா கண்ணு." யாரும் சொல்லாத ஒன்றை அவள் சொன்னதே இல்லை.

மருந்து ஆரம்பித்தபிறகு குருவி நேரத்தோடு கண் அசந்தாள். நடுராத்திரி விழிப்பு மட்டும் போகவில்லை. அது போனது, மருந்து கொடுக்க மறந்த அந்த ராத்திரியில்தான். அடுத்த ராத்திரி கொடுத்தாள், தூங்கினாள். அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே கொடுக்காமல் பார்த்தாள், அப்போதும் தூங்கினாள். அந்த வாரம் அம்மாவின் கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு வெளுத்தது, கம்பெனியில் யாரோ சொன்ன ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு ஒரு காலையில், பல் தேய்த்துவிடும்போது, நுரையை வாயில் வைத்துக்கொண்டே குருவி சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் அமுக்கட்டுமா?"

குரல் குருவியுடையது அல்ல. அம்மாவுடையதும் அல்ல. அவசரமே இல்லாத, பல்லைத் திறக்காமல் பேசுகிற, அடித்தொண்டைக் குரல்.

பிரஷ் அம்மாவின் கையிலேயே நின்றது. டிவியா? வீட்டில் டிவி ஓடி மாதக்கணக்காகிறது. போனா? ஏழு மணிக்குமேல் போனையே கண்ணில் காட்டுவதில்லை. வந்துபோகிறவர் யார்? ஒருவரும் இல்லை. ஆனாலும் கொப்பளிக்க வைத்தாள், தலை வாரினாள், பள்ளி வேனில் ஏற்றிவிட்டாள், டேபிளில் போய் நின்று கோடு பிசகாமல் வெட்டினாள். தூங்கிய உடம்பு அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

அன்று சாயங்காலம் மெத்தையில் பள்ளம் பார்த்தாள். பஞ்சு மெத்தை, படுத்த இடம் அமுங்குவது சகஜம்தான். ஆனால் இது தலை, தோள், ஒருக்களித்த முழங்கால் என்று குருவியின் உருவத்துக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது. மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்த் தட்டினாள். திருப்பிப் போட்டாள். மறுநாள் காலை பள்ளம் அதே இடத்தில், இன்னும் ஆழமாக. சீப்புப் போல ஐந்து விரலின் தடம்கூடத் தெரிந்தது. குளிப்பாட்டித் தூக்கியபோது குருவி கைக்கு லேசாக இருந்தாள். இளைக்கவில்லை, கன்னம் கன்னமாகவே இருந்தது. எடை மட்டும் இல்லை. துவைத்துப் பிழிந்த துணியைத் தூக்குகிற மாதிரி.

ஈரத்தலையோடு குருவி அந்தக் குரலில் சொன்னாள்: "அம்மா தூங்கட்டும். நீ சத்தம் போடாத."

அன்று ராத்திரி அம்மா லைட்டை முழுக்க அணைக்கவில்லை. குருவியின் பக்கத்திலேயே, இடுப்பில் கை போட்டுப் படுத்தாள். பாத்ரூம் குழாய் சொட்டியது. ஜன்னல் திரை மேலெழும்பி அடங்கியது. தெருவில் போன வண்டியின் வெளிச்சம் அலமாரிக் கதவில் ஏறி, கூரையில் ஊர்ந்து, மூலையில் போய் அணைந்தது. யாரும் வரவில்லை. அலமாரிக்குள் துவைத்த துணியின் வாசனை, அதற்கடியில் பழைய பஞ்சின் புழுக்க வாசனை, அதற்கும் அடியில் பெயர் தெரியாத ஒன்று. யாரும் வரவில்லை. ஆகவே குருவியும் தூங்கவில்லை. எழுந்து குதிக்க ஆரம்பித்தாள். கட்டிலிலிருந்து தரைக்கு. தரையிலிருந்து கட்டிலுக்கு.

சத்தம் வரவில்லை.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். குருவியின் பாதம் தரையில் விழுவதைக் கண்ணால் பார்த்தாள். ஒரு தட்டலும் இல்லை. கீழே கம்பு இடிக்குமா என்று காத்திருந்தாள். அந்த மனுஷன் கம்பால் இடிக்க மாட்டாரா என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

காலையில் படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார். வெகுநாள் கழித்து முகத்தில் சிரிப்பு.

"என்னம்மா, பொண்ண சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா? பகல்லகூட காலடியே கேக்கலையே."

குருவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரிலேயே குதித்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, "அட, இங்கதான் இருக்கியா," என்றார்.

அன்று டேபிளில் அம்மாவின் கண் ஒரு நொடி மூடியது. கத்தி கோட்டை விட்டு விலகி, துணியடுக்கு முழுவதையும் கிழித்து, அவள் கம்பிக் கையுறையில் கீறி நின்றது. சூப்பர்வைசர் மெஷினை அணைத்தார். கையுறையைக் கழற்றி விரலை எண்ணாத குறையாகப் பார்த்தார்.

"அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாளைலேருந்து வராதீங்க. உங்க விரலுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

மத்தியானம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போட்டாள்.

"எப்படித் தூங்கறா?" என்றார் டாக்டரம்மா.

"நல்லா தூங்கறா டாக்டர்."

"மருந்து ஒழுங்கா போகுதா?"

"போகுது டாக்டர்."

"ரொம்ப சந்தோஷம். நீங்களும் தூங்குங்கம்மா."

போனை வைத்தபோது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, தான் என்ன செய்யப்போகிறோம் என்று. அதை அவள் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு ராத்திரி என்றுமட்டும் சொல்லிக்கொண்டாள். ஒரு ராத்திரி தூங்கிவிட்டால் தலை தெளியும், நாளைக்குக் குருவியின் அப்பாவை வரச்சொல்லலாம், வீட்டை மாற்றலாம், எதுவும் செய்யலாம். தூக்கத்துக்கு ஏங்குகிறவள் மனம் வக்கீலைவிட நன்றாக வாதாடும்.

குளிக்க வைத்தாள். லைட்டைக் குறைத்தாள். பள்ளத்திலேயே குருவியைப் படுக்க வைத்தாள். அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தினாள். தோளிலிருந்து உள்ளங்கால்வரை அமுக்கிவிட்டாள். "போதுமா?" என்றாள்.

குருவி பதில் சொல்லவில்லை. அம்மாவின் புடவைத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள். கண் கூரை மூலையில் நிலைகுத்தியிருந்தது. அம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிப்பது கஷ்டமாகவே இல்லை, அவ்வளவு லேசு. லைட்டை அணைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, இதுவரை ஒருநாளும் போடாத வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். முதலில் ஒன்றுமில்லை. குழாய்ச் சொட்டு. பிறகு உள்ளே கட்டில் முனகியது. குழந்தை புரண்டால் வருகிற சத்தம் அல்ல. கனத்த ஆள் ஒருவர் விளிம்பில் நிதானமாக உட்காருகிற சத்தம். பஞ்சு நெரிந்தது. ஒரு அமுக்கு. நிறுத்தம். இன்னொரு அமுக்கு.

"அம்மா வந்துட்டேன்டா கண்ணு," என்றது கதவுக்குப் பின்னால் அம்மாவின் சொந்தக் குரல்.

குருவி கூப்பிடுகிறாள். அம்மாவுக்கு அதன் அர்த்தம் தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அம்மா வந்துட்டேன்டா கண்ணு."

அமுக்கு.

"அம்மா வந்துட்டேன்டா."

கொஞ்சம் அடங்கி. தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல.

"அம்மா வந்து..."

எழுந்திரு. எழுந்திருடி. கை ஊன்றினாள். கண் எரிந்தது. இமை கனத்தது. தாழ்ப்பாள் நாலு எட்டில்தான் இருந்தது. தலையணையை எடுத்தாள். காதின்மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

தூங்கிவிட்டாள்.

வெயில் முகத்தில் விழுந்தபோது யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். தலைமாட்டில் பெண் நின்றிருந்தாள். முகம் கழுவி, தானே தலை வாரி, லேபிள் வைத்த புதுச் சட்டையைப் போட்டிருந்தாள். அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுந்திரிங்கம்மா. வேலைக்கு நேரமாச்சு. நல்லா தூங்கினீங்களா?"

அழகான, தெளிவான, சொந்த வாக்கியங்கள். இதற்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள் அம்மா. எழுந்து ஓடினாள். பின்னால் அந்தப் பெண் நடந்து வர, தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அறைக் கதவு திறந்தே இருந்தது.

மெத்தையில் பள்ளம். முழங்கை ஆழம். விரிப்பு அதன் அடிவரை ஒட்டி இறங்கியிருந்தது. நெற்றி தெரிந்தது. மூக்கு தெரிந்தது. மடங்கிய கால்விரல்கள் தெரிந்தன. நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் துணி மெல்ல ஏறியது. இறங்கியது. அம்மா கை வைத்தாள். வெதுவெதுப்பு.

"கைய எடுங்கம்மா," என்றாள் பெண், பின்னாலிருந்து. "இப்பதான் தூங்கினா. எழுப்பாதீங்க."

தூங்கவில்லை. வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே இழுபட்டது, வெளியே வந்தது. உள்ளே. வெளியே. ஒரே வாக்கியம், திரும்பத் திரும்ப, ஒரு சத்தமும் இல்லாமல்.

பெண் கட்டிலில் ஏறினாள். அந்தப் பள்ளத்தின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, விரிப்பின் சுருக்கங்களை உள்ளங்கையால் அழுத்தி நீவத் தொடங்கினாள்.